வேஷ்டியில் அன்னம் செய்த வரதன் சார்

வரதன் சார் போய்விட்டார்... இன்று விடியற்காலை, ஸ்ரீரங்கத்தில்.

தூக்கத்திலேயே போயிருக்கிறார். "அப்பா ஒரு கஷ்டமும் படலம்மா" என்று அவர் பெண் போனில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஒரு வருஷமாகப் படுக்கையில் கிடந்த மனுஷர்.

இங்கே நிறைய ஃப்ரெண்ட்ஸுக்கு அவரைத் தெரியாது. நான் டிரெயினியாகப் போன ஸ்ரீரங்கம் லாட்ஜின் மேனேஜர்.

எனக்குப் படிப்பு பிளஸ் டூவோடு சரி. எடமலைப்பட்டி புதூரில் ஒரு டிரெயினிங் சென்டர். கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹோட்டல் வேலை சொல்லிக்கொடுத்து, மூன்று மாதம் ஏதாவது ஒரு லாட்ஜில் விடுவார்கள்.

மேனேஜருக்குப் பிடித்தால் வேலை. பிடிக்காவிட்டால் எனக்குத் திருப்பூர் மில் ஹாஸ்டல்... ஏஜென்ட் வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். அங்கே போன எங்கள் அக்கா திரும்பி வந்த கோலத்தைப் பார்த்தவள் நான்.

சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "எனக்குச் சொல்லிக்கொடுக்கல்லாம் வராதும்மா. ரூம் சுத்தமா இருக்கணும். அவ்ளோதான்."

நிஜமாகவே ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. கத்துவார். பெட்ஷீட்டில் சுருக்கம் இருந்தால் கத்துவார், பக்கெட் இடம் மாறியிருந்தால் கத்துவார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சைரன்.

அது வைகுண்ட ஏகாதசி சமயம். லாட்ஜ் நிரம்பி வழிந்தது. மாடி ரூமில் கும்பகோணம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். மடி வேஷ்டியை ரூமில் கொடி கட்டிக் காயப்போட்டுவிட்டு, காவேரிக்குக் குளிக்கப் போயிருந்தார். வந்து அதைக் கட்டிக்கொண்டுதான் பூஜை.

அதை யாரும் தொடக்கூடாது என்பது எனக்கு எங்கே தெரியும்? எங்கள் வீட்டில் துணி காய்ந்தால் எடுத்து வைப்போம், அவ்வளவுதான்.

சென்டரில் டவலில் அன்னப்பறவை செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். "கெஸ்ட் அசந்துபோகணும்" என்பார் மிஸ். எனக்கு அதில் ஏகப் பெருமை. அந்த வேஷ்டியிலேயே ஒரு அன்னம் செய்து கட்டில் நடுவில் உட்கார வைத்துவிட்டு வந்தேன்...

கெஸ்ட் அசந்துதான் போனார்.

"யாரு தொட்டா? யாரு தொட்டான்னு கேக்கறேன்!"

வராந்தாவில் பெட்ஷீட் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். எந்தத் தெரு, யார் வீட்டுப் பெண்... அதற்கு முன்னால் வேலைக்குப் போன ஒரு துணிக்கடையில், அதற்குப் பதில் சொன்னதும்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சார் ஓடி வந்தார். திறந்திருந்த கதவு வழியாகக் கட்டிலில் இருந்த அன்னத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். சரி, திருப்பூர்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

"அடியேன்தான் ஸ்வாமி" என்றார்.

"நீரா?"

"ஆமாம் ஸ்வாமி. புதுசா கத்துண்டிருக்கேன். கை சும்மா இருக்கமாட்டேங்கறது."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "எங்கே, இன்னொண்ணு பண்ணிக் காட்டும்."

டவல் எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே வந்தவர், நேராக அலமாரிக்குப் பின்னால் வந்தார். அவருக்குக் கிசுகிசுக்கவும் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சனியனே, இதை எப்படிப் பண்றது? சீக்கிரம் சொல்லித் தொலை!"

"ரெண்டு பக்கமும் சுருட்டுங்க சார்... இப்ப கழுத்த வளைங்க... ஐயோ, அந்தப் பக்கம் இல்லீங்க சார்..."

உள்ளே போய் அவர் செய்து வைத்தது அன்னம் இல்லை. கழுத்து ஒடிந்த வாத்து.

பெரியவர் அதையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "முதல்ல பண்ணினதுதான் நன்னா இருந்துது. பண்ணின கை யாரோ, இனிமே டவல்ல பண்ணச் சொல்லும்."

வேஷ்டியைத் தானே எடுத்துப்போய், மறுபடி மடியாக நனைத்துக்கொண்டார்.

சார் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். என் சீட்டைக் கிழிக்கப் போகிறார் என்று காத்திருக்கிறேன்... "ஏன் நின்னுண்டிருக்கே? கீழே ரூம் காலியாயிடுத்து, போய்ப் பாரு!" என்று லாட்ஜே அதிரக் கத்தினார்.

அந்தக் காலி ரூமுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஆசை தீர அழுதேன். அப்படி ஒரு நிம்மதி.

டிரெயினிங் முடிந்ததும் அம்மாவை வரச்சொல்லி, "பொண்ணு இங்கேயே இருக்கட்டும்" என்றார். அந்த வேஷ்டி விஷயத்தை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்று ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பர்மிஷன் போட்டுவிட்டுப் போய், சாருக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன்.

நான் திருப்பூருக்குப் போகவே இல்லை சார்...

நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.