திங்கட்கிழமை வந்த புதன்

புதன் கிரகத்துக்காக ஸ்வெதோசார் பக்கத்து வீட்டுக் கிழவர் ரத்மிலோவின் மூக்கை உடைத்தான், மூன்று பல்லும் போயிற்று என்று ஸ்ரெஞானின் ஊர் முழுக்கப் பேச்சு. விசாரித்ததில் மூக்கு உண்மை, பல் பொய். பல் செட்டைக் கிழவரே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஸ்வெதோசார் பஸ் மெக்கானிக், தொலைநோக்கிப் பித்தன். இரவுகளை மூன்று வயது ரெல்யாவும் கைக்குழந்தை துன்யாவும் தின்றுவிட, வானத்தில் அவனுக்கு மிஞ்சியது சூரியன் மட்டும். அன்று அதன் முகத்தைப் புதன் ஒரு கறுப்புப் புள்ளியாகக் கடக்க இருந்தது. போன தடவை கடந்தபோது ரெல்யா பிறந்துகொண்டிருந்தான். பிரசவ அறையில் ஜன்னலையே பார்த்ததற்கு மனைவி விட்ட அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது. இதையும் விட்டால் பதின்மூன்று வருடம்.

திங்கட்கிழமை, விடுமுறை நாள். மனைவிக்கு மருத்துவமனையில் வேலை. பிள்ளைகளுக்குக் குல்லா மாட்டி, தொலைநோக்கியின் வாயில் வெயிலை வடிகட்டும் வெள்ளித்தாள் கட்டி, அதைப் பால்கனியில் நிறுத்தினான். அறைச்சூட்டில் பிம்பம் நடுங்கியது. சூடு வெளியேறப் பால்கனிக் கதவோடு வாசல் கதவையும் திறந்துவைத்தான்.

கதவுக்குக் கதவு ஓடும் அந்தக் காற்றுக்குப் பெயர் ப்ரொமாயா. பட்டால் நோய் வரும் என்று, துப்பாக்கிக்கு அஞ்சாதவனும் அந்த ஊரில் அதற்கு அஞ்சுவான்.

"டேய் கொலைகாரா! பச்சப்புள்ளைங்கள ப்ரொமாயாவுல வச்சிருக்கியே!" படியேறி வந்த ரத்மிலோ வாசல் கதவை அறைந்து சாத்தினார்.

"மாமா, மூடாதீங்க. பிம்பம் ஆடுது."

"உன்னையே ஆட்டுறேன் பாரு."

திறந்தான். அறைந்தார். மூன்றாம் முறை அவன் விரல் நசுங்கியது. விட்டான் ஒரு குத்து. மூக்கு முறிந்த சத்தம் கேட்டது. கிழவர் பல் செட்டைக் கழற்றிவிட்டு வயிற்றில் தலையால் முட்டினார். இருவரும் ரத்தத்தில் உருண்டார்கள். அவர் பல்லில்லாமலே காதைக் கடித்தார்.

"அப்பா, இன்னொண்ணு குடு!" என்றான் ரெல்யா, தலையில் வெள்ளிக் கிரீடத்தோடு.

கிரீடம், தொலைநோக்கியிலிருந்து பிய்த்த தாள். ஸ்டூலில் ஏறி, தாளில்லாத தொலைநோக்கிக்குக் கண்ணைக் கொண்டுபோகிறான். ஒரு நொடி போதும், கண் வெந்துவிடும்.

ஸ்வெதோசாரின் முதுகு அந்தப்பக்கம். பார்த்தது அடியில் கிடந்த கிழவர்தான். அவனை உதறித் தள்ளி ஓடிப்போய்த் தொலைநோக்கியை உதைத்தார். அது கம்பியைத் தாண்டி நான்கு மாடி விழுந்து சிதறியது.

ஸ்வெதோசார் பிள்ளையின் கண்ணுக்கு முன் நசுங்கிய கையை நீட்டினான். "எத்தனை விரல்டா?"

"ரெண்டு. ஒண்ணு பெருசாயிருச்சு."

அப்பன் அழுதுவிட்டான். "மாமா, நான் எப்படி..."

"நன்றி கின்றி வேணாம். மூக்கு போனது எதுக்காகன்னு பாக்கணும். அந்த எழவு புள்ளியக் காட்டு."

"இனிமே 2032-லதான் மாமா."

"காத்திருக்கேன். கதவு மூடியிருக்கணும்."

அப்போது அவருக்கு வயது எழுபத்து நான்கு. இப்போதும் படியில் எதிர்ப்பட்டால் கோணல் மூக்கைத் தொட்டு, ஒரு விரலை நீட்டுகிறார். புள்ளி ஒன்று பாக்கி.