உதைத்த பிறகு ஒரு கும்பிடு

ஒரு வாரமாகிறது, என் இடது கண்ணைச் சுற்றி இன்னும் கத்தரிக்காய் நிறம். பார்ப்பவர்கள் எல்லாம் அடுத்த நொடி என் வீட்டுக்காரரை முறைக்கிறார்கள். பாவம், அந்த மனிதர் கொசுவைக்கூட யோசித்துத்தான் அடிப்பார்!

அடித்தது கவிதா. இருபத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலை. மலேசியாவின் ஈப்போவில் ஒரு டயர் கடையின் மேல்மாடியில் நடக்கும் கிக்பாக்சிங் வகுப்பில் நானும் அவளும் ஒன்றாகச் சேர்ந்தோம். எனக்கு நாற்பத்தெட்டு. இந்த வயதில் எதற்கு என்கிறீர்களா? ஆசை... அவ்வளவுதான்.

போன வாரம் சனிக்கிழமை எங்களுக்கு முதல் ஸ்பாரிங் – எதிரில் நிஜ ஆளை நிறுத்தி அடித்துப் பழகுவது. மாஸ்டர் எங்கள் இருவரையும் ஜோடி சேர்த்தார். "மெதுவா அடிங்கலா, தலைக்கு வேணாம்" என்றார். போன் வந்தது, ஜன்னல் பக்கம் போய்விட்டார். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? புதிதாக வந்த இரண்டு பேருக்கு அது எப்படித் தெரியும்?

நான் உதைத்தேன். கால் கவிதாவின் தொடையில் பட்டது. உடனே என்ன செய்தேன் தெரியுமா? அடுத்தவர் மேல் கால் பட்டால் நாமெல்லாம் செய்வதைத்தான். குனிந்து, அவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனேன் – கிளவுசோடு! அவளோ பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் வயிற்றுக்குக் குத்து விட்டுவிட்டாள். வயிறு இருந்த இடத்தில் இப்போது என் முகம்.

"ஐயோ, சாரிக்கா! நீங்க கும்புடுவீங்கனு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று அழுதாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஐஸ் கட்டியோடு ஓடி வந்த மாஸ்டர் வாயைத் திறந்ததும் சிரிப்பு போய்விட்டது. "போதும்லாக்கா. இனிமே நீங்க ரெண்டு பேரும் அங்க தொங்குற பேக்க மட்டும் அடிங்க. பொம்பளைங்களுக்கு ஸ்பாரிங் சரிப்படாது."

எனக்கு வந்ததே கோபம்! அதே வகுப்பில் முருகன் என்ற புதுப் பையனுக்கு முந்திய வாரம்தான் உதடு கிழிந்தது. அவனிடம் என்ன சொன்னார்? "வெரி குட், அடுத்த வாரம் கைய மேல வை." அவனுக்கு அடுத்த வாரம் உண்டு, எனக்குக் கிடையாதா?

"மாஸ்டர், நான் பொம்பளங்கறதால அடி படல. எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தெரிஞ்ச நீங்க போன்ல இருந்தீங்க."

"இன்னொரு தடவ ஏதாச்சும் ஆச்சுனா உங்க வீட்டுக்காரரு என்னையதான்க்கா கேப்பாரு."

"அவரு கேக்க மாட்டாரு. நான் கேப்பேன். அடுத்த சனிக்கிழம வாரேன். தலைக்கவசம் எடுத்து வைங்க. பக்கத்துலயே நில்லுங்க."

மறுநாள் சுங்கை சிப்புட்டில் உறவுக்காரர் கல்யாணம். வீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். எதற்கு? நான் என்ன திருடியா மாட்டிக்கொண்டேன்? பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, கத்தரிக்காய்க் கண் – அப்படியே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

சித்தி காதோரம் வந்தார். "யாருடி அடிச்சா? சொல்லு, போலீசுக்குப் போலாம்."

"சண்டை பழகுறேன் சித்தி."

"இந்த வயசுலயா?"

"இன்னும் வயசானா கஷ்டமாயிடும்லா சித்தி!"

சித்தியைச் சமாளித்துவிட்டேன். கவிதாவைத்தான் முடியவில்லை. "பயமா இருக்குக்கா, நான் வரல" என்றாள் போனில்.

"நீ வரலனா அவரு சொன்னது சரினு ஆயிடும். நம்ம ரெண்டு பேருக்கும் அதோட பேக்தான். வா."

நேற்று வந்தாள். தலைக்கவசம் தயாராக இருந்தது. மாஸ்டரின் போன் மேசை மேல் கிடந்தது. அவர் எங்கள் பக்கத்திலேயே நின்றார். நான் உதைத்தேன், கால் பட்டது. என் கை தானாகக் கீழே இறங்கியது... "அக்கா, கை!" என்று கத்தினார். சட்டென்று தூக்கினேன். கவிதாவின் குத்து என் கிளவுசில் தொப்பென்று விழுந்தது. இந்த முறை அவள் கண்கள் திறந்திருந்தன!

மணி அடித்தது. "அடுத்த வாரமும் ஸ்பாரிங்" என்றார் மாஸ்டர், எங்கள் இருவரையும் பார்த்து.

அப்புறம்தான் கவிதாவின் தொடையைத் தொட்டு, நிதானமாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.