தெரியாதவர்கள் இடது கை

எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நம்பாதவர்கள் ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரிகளைக் கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் எந்தக் கேள்வி கேட்டாலும் நாற்பத்திரண்டு பேரும் கை தூக்குவோம். கடைசி பெஞ்சில் தூங்கி வழிகிறவன்கூடத் தூக்குவான். அதிகாரி மகிழ்ந்துபோய் ஏட்டில் ஏதோ எழுதிக்கொள்வார். ரகசியம் இவ்வளவுதான்: பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. ஆசிரியர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்து எழுப்புவார். பதில் டாண் என்று வரும்.

பாபநாசம் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளியில் இதை ஆறாம் வகுப்பிலேயே பழக்கிவிடுவார்கள். வாய்ப்பாட்டைக்கூட இவ்வளவு பிசகில்லாமல் நாங்கள் கற்றதில்லை. நானும் ஆறு வருடம் ஒழுங்காகத்தான் தூக்கினேன். பன்னிரண்டாம் வகுப்பில்தான் கை மாறிப்போயிற்று.

அந்த வருடம் எங்களுக்கு வேதியியல் எடுத்த சார்தான் வகுப்பாசிரியரும். அவரை வில்லனாக்கிவிட்டு நான் நல்லவளாக நின்றுகொள்ள எனக்கு விருப்பமில்லை. நன்றாகப் பாடம் நடத்துவார். கரும்பலகையில் கலர் சாக்பீஸால் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பியூரெட் குழாயை அவர் வரைந்தால் கண்ணாடியின் பளபளப்புகூடத் தெரியும். சிக்கல் என்னவென்றால், நாங்கள் பார்த்த பியூரெட் அது ஒன்றுதான். ஆய்வகம் பூட்டிக் கிடந்தது. இலவச சைக்கிள்கள் வந்தபோது, விழாவுக்குத் தேதி கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று அவற்றை அதற்குள் அடுக்கினார்கள். சைக்கிள்கள் போன பிறகு உடைந்த பெஞ்சுகள் குடிவந்தன. சாவி சாரிடமே இருந்தது. செய்முறைகளை எல்லாம் போன வருடத்து அக்காக்களின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதினோம். ‘அழுகிய முட்டையின் நாற்றமுடைய வாயு வெளியேறுகிறது’ என்று மூக்கைச் சுளிக்காமல் எழுதியிருக்கிறேன்.

ஒருநாள் கேட்டே விட்டேன், ஆய்வகத்தை எப்போது திறப்பீர்கள் என்று. சார் சாக்பீஸை வைத்துவிட்டுத் திரும்பினார். “கேள்வி கேக்குறது என் வேல, பதில் சொல்றது உன் வேல. ரெண்டையும் நீயே பாத்துக்கிட்டா நான் எதுக்கு?” என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், சொன்ன விதம் அப்படி. சிரித்து முடித்த பிறகும் பூட்டு பூட்டாகவே தொங்கியது.

அடுத்த வாரம் மறுபடி கேட்டேன். வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் கோபப்படவே இல்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் பத்தும் தன் பேனா முனையில்தான் இருக்கிறது என்று மட்டும் நினைவூட்டினார். அந்தப் பத்தை எல்லாருக்கும் முழுசாகப் போட்டுவிடுவதுதான் எங்கள் பள்ளி வழக்கம். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத் தருகிற மதிப்பெண் அது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

எனக்கு அந்தப் பத்து வேண்டும். வேளாண் கல்லூரியில் சேர்வதுதான் என் ஒரே நினைப்பாக இருந்தது. அங்கே அரை மதிப்பெண்ணில் ஆள் மாறிவிடும். தாத்தா காலம்வரை எங்கள் குடும்பம் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்து நட்ட குடும்பம். அப்பா காலத்தில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற நிலைக்கு வந்திருந்தோம். நெல்லை நட்டவர்கள் வீட்டிலிருந்து நெல்லைப் படிக்க ஒருத்தி போகப்போகிறாள் என்று அப்பா டீக்கடையில் சொல்லி வைத்திருந்தார். ஆகவே பயம் இல்லாமல் நான் பேசவில்லை. நன்றாகப் பயந்துகொண்டேதான் பேசினேன்.

ஆண்டாய்வுக்கு முந்தின நாள் கை ஒத்திகை நடந்தது. எல்லாருக்கும் ஒரு முறை வலது இடது சொல்லிவிட்டு, சார் என் பக்கம் விரலை நீட்டினார். “நீ மட்டும் எது கேட்டாலும் இடது கை. தெரிஞ்சாலும் இடது கை.”

தெரிந்த பதிலை என்ன செய்வது என்று கேட்டேன்.

“மனசுக்குள்ள சொல்லிக்க” என்றார்.

வேதியியலில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் வாங்குகிறவள் நான். ஒரு அடி அடித்திருந்தால்கூட நான்கு நாளில் மறந்திருப்பேன். தெரிந்ததைத் தெரியாது என்று என் கையாலேயே சொல்லச் சொன்னாரே, அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸில் வரும்போது உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் அடைமழை. வராண்டாவைக் கழுவி வாசலுக்கு வெள்ளைப் பொடி போட்டிருந்தார்கள், அதையும் மழை கொண்டுபோய்விட்டது. வந்த அதிகாரி ஒரு பெண். நனைந்த குடையைத் தானே மடக்கிச் சுவர் ஓரம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். பெர்மாங்கனேட் தரம்பார்த்தலில் கடைசிச் சொட்டு விழுந்ததும் என்ன நிறம் வரும் என்று கேட்டார். நாற்பத்திரண்டு கைகள் எழுந்தன. என்னுடையது இடது. சார் முதல் பெஞ்சுப் பையனைக் காட்டினார். அவன் எழுந்து, நிலைத்த வெளிர் இளஞ்சிவப்பு என்றான். சரியான பதில். அதிகாரி தலையசைத்தார். கைகள் இறங்கின.

நான் இடது கையை இறக்கி வலது கையைத் தூக்கினேன். யோசித்துச் செய்தேன் என்று பெருமை பேசமாட்டேன். கை போய்விட்டது, பின்னாலேயே நான் போனேன்.

சார் என்னைப் பார்க்காதவர்போல அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்றார். அதிகாரி நின்று, என்னம்மா என்றார். எழுந்தேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த நிறத்த நாங்க யாரும் பாத்ததில்லங்க மேடம்.”

அதிகாரி வகுப்பைப் பார்த்து, பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். இங்கேதான் நடக்கக்கூடாதது நடந்தது. ஆறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கேள்வி வந்தால் கை தூக்கியாக வேண்டும். பார்க்கவில்லை என்றால் எந்தக் கை? ஒன்று, இரண்டு, பத்து என்று எழுந்து, கடைசியில் நாற்பத்தொரு பேரும் தூக்கிவிட்டார்கள். அத்தனையும் இடது கை.

சார் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் பார்த்திருக்கிறார்களே, அன்றைக்கு நீ லீவா என்று கேட்டார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாஷையில் நாற்பத்தொரு பேரும் சத்தியத்தைத்தான் சொன்னார்கள். அந்த பாஷை அதிகாரிக்குத் தெரியாது. நான் அப்போது உட்கார்ந்திருந்தால் அத்தனை பேர் சத்தியமும் பொய்யாகவே ஏட்டில் ஏறியிருக்கும்.

“மேடம், எல்லாரும் தூக்கியிருக்கறது இடது கை” என்றேன். “எங்க வகுப்புல இடது கைன்னா தெரியாதுன்னு அர்த்தம்.”

கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதிகாரி வகுப்பைப் பார்த்தார், பிறகு சாரைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. ஆய்வகச் சாவியை எடுத்துக்கொண்டு வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பத்து நாளில் பெஞ்சுகள் வெளியே வந்தன. ஆய்வகம் திறந்த முதல் நாள் என் கையில் பியூரெட் இருந்தது. கடைசிச் சொட்டு விழுந்து, குடுவையில் அந்த நிறம் நின்றது. நாவல்பழம் தின்றுவிட்டு வாய் கொப்பளித்த தண்ணீரின் நிறம். கண் கலங்கிவிட்டது எனக்கு. சார் பின்னால் வந்து பார்த்து, ஒரு சொட்டு அதிகம் போட்டுவிட்டாய் என்றார். உண்மைதான், போட்டிருந்தேன். இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர் ஏன் பூட்டிவைத்தார் என்று எரிச்சல் இன்னும் கூடியது.

அதற்குள் வகுப்பில் என்னோடு பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். என்னால் எல்லாருடைய பத்துக்கும் ஆபத்து வரும் என்று பயந்தார்கள். பெற்றோரை அழைத்து வரச் சொல்லி எனக்குச் சீட்டும் வந்திருந்தது.

அப்பா வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு நேராக வந்தார். ஆசிரியர் அறையில் சார் ஒரு தாளை அவர் முன் தள்ளினார். என் மகள் செய்த ஒழுங்கீனத்துக்கு வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள், ஒன்று அப்பாவுக்கு, ஒன்று எனக்கு. ஒழுங்கீனம் என்னவென்று அப்பா கேட்கவில்லை. “சின்னப் புள்ள சார். தெரியாம பேசிடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க” என்று சொல்லி, எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். அவர் முதுகு வளைந்ததைப் பார்த்து எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

என்னையும் போடச் சொன்னார் சார். தெரிந்துதான் பேசினேன் என்றேன். நான் சொன்னதில் எது பொய் என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் அப்பா பக்கம் திரும்பி, “பாத்தீங்கள்ல, இந்த வாய்தான்” என்றார். அப்பா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

மொபெட்டில் வரும்போது அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார். “அவரு கையில உன் மார்க்கு இருக்கும்மா.”

“நீங்க கேட்டது உங்க மன்னிப்புப்பா. என்னோடது இல்ல” என்றேன்.

என்னை வீட்டில் இறக்கிவிட்டு அப்பா அப்படியே வயலுக்குத் திரும்பினார். சொன்னது தப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் எனக்காகக் குனிந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு சொன்னேனே, அது வலிக்கத்தான் செய்கிறது.

தேர்வு முடிவு செல்போனில் வந்தது. வேதியியல் எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டிருந்தார். அகமதிப்பீடு ஐந்து. வகுப்பில் மற்ற எல்லாருக்கும் பத்து. கலந்தாய்வில் வேளாண் கல்லூரி கைக்கு எட்டும் தூரத்தில் நழுவிப்போனது. பிறகு வேதியியல் படித்தேன். இன்று ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் பியூரெட் பிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. எல்லாம் நன்மைக்கே என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குக் கோபம் வரும். போன ஐந்து போனதுதான்.

முடிவு வந்த அன்று இரண்டு விரலால் செல்போனைப் பிடித்துக்கொண்டு அப்பா கேட்டார், இந்த ஐந்து என்ன என்று. சொன்னேன். மற்ற எல்லாருக்கும் பத்தா என்று கேட்டார். எல்லாருக்கும் என்றேன். ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு வேலை தலைக்கு மேல் கிடந்த நேரம் அது. ஆனாலும் மாற்றுச் சான்றிதழ் வாங்கப்போன அன்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டு அவரும் கிளம்பினார்.

சான்றிதழை வாங்கிக்கொண்ட பிறகு ஆசிரியர் அறைக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். உள்ளே நான்கைந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். அப்பா சாரைக் கும்பிட்டார்.

“அன்னிக்கு ஒரு லெட்டர்ல கையெழுத்துப் போட்டேங்க” என்றார்.

அதற்கென்ன இப்போது என்றார் சார்.

“பொண்ணு மார்க்குல கை வைக்க மாட்டீங்கன்னுதாங்க போட்டேன். வச்சுட்டீங்க. அதத் திருப்பிக் குடுங்க.”

சார் மற்ற ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டார். அது அலுவலகக் கோப்பில் சேர்ந்துவிட்டது, அப்படியெல்லாம் எடுத்துக் கொடுக்க முடியாது என்றார். அப்பா குரலை உயர்த்தவில்லை.

“சரிங்க. பேப்பர நீங்களே வச்சுக்குங்க. அதுல இருந்த மன்னிப்ப நான் எடுத்துக்கிட்டேன்.”

மறுபடி கும்பிட்டுவிட்டு, வாம்மா என்று வெளியே நடந்தார். அந்தத் தாள் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கலாம். என் கையெழுத்துக்கு விட்ட இடம் அதில் அன்றும் காலி, இன்றும் காலி.