வெள்ளைத்துரையின் வலது முழங்கால்

2024
ஜூலை 8: முட்டிவலித் தைலம், ரூ. 180
ஜூலை 29: எக்ஸ்ரே, ரூ. 450
ஆகஸ்ட் 11: முடவாட்டுக்கால் சூப், இரண்டு டம்ளர், ரூ. 60
ஆகஸ்ட் 26: முட்டி உறை, ரூ. 750
செப்டம்பர் 19: பிசியோதெரபி, ரூ. 400
செப்டம்பர் 20: இலவம்பஞ்சுக் குஷன், ரூ. 220

இத்தனையும் ஒரே ஒரு முழங்காலுக்கான செலவு. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் வெள்ளைத்துரையின் வலது முழங்கால். இடது காலுக்கு இதுவரை செலவில்லை.

கே.கே. நகரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. வயது நாற்பத்தைந்து, அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். காலை ஐந்தரைக்கு ஷட்டில் மட்டையோடு படி இறங்குவார். ஏழரைக்கு நனைந்த சட்டையோடு ஏறுவார். அலுவலகங்களுக்கு இடையே நடக்கும் இரட்டையர் போட்டியில் அவரும் பக்கத்து மேசை ஜெயபாண்டியும் ஒன்பது வருட ஜோடி. கோப்பை வாங்கியது ஒரு முறை. அதைப் பற்றிப் பேசியதற்குக் கணக்கு வைக்க என்னாலேயே முடியவில்லை.

ஜூனில் முட்டி இறுகத் தொடங்கியது. வலி வந்தது ஆடும்போது அல்ல, மாலையில் நாற்காலியை விட்டு எழும்போது. நாலு எட்டு கூனி நடந்த பிறகுதான் நிமிர்வார். எங்கள் மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நண்டு போலப் பக்கவாட்டில் இறங்குவார்.

எல்லோரும் பழியை ஷட்டில் மேல் போட்டார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. அதில் அவருக்குச் சிறிது ஏமாற்றம். அழகர்கோவில் அடிவாரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் குடித்தார். இரண்டாவது டம்ளர் முட்டிக்கா, நாக்குக்கா என்று அவர் மனைவி முத்துமீனா கேட்டாராம். கடைசியில் விளையாட்டை நிறுத்தினார். ஓய்வு என்றால் உட்காருவது என்று எடுத்துக்கொண்டு, காலையிலும் உட்கார்ந்தார். வலி கூடியது.

செப்டம்பர் நடுவில் ஜெயபாண்டி வந்தார். காப்பி குடித்து முடிக்கும்வரை மழையைப் பற்றிப் பேசிவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"மாப்ள, முப்பதாம் தேதிக்குள்ள பேர் குடுக்கணும். உன் முட்டி சரிப்படலைன்னா தபால் பிரிவு அருண்பாண்டியச் சேத்துக்கிறேன்."

"அவனுக்கு பேக்ஹேண்டே வராதுடா."

"முட்டி மடங்குதுல்ல."

அந்த வாரமே வெள்ளைத்துரை, பவதாரிணி என்ற பிசியோதெரபி மருத்துவரிடம் போனார். உள்ளே கூப்பிட வந்த பவதாரிணி, காத்திருந்தவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வலது காலை மடித்துத் தொடைக்கடியில் செருகி, அதன் மேல் உட்கார்ந்திருந்தார் வெள்ளைத்துரை.

"சார், எப்பவும் இப்படித்தான் உக்காருவீங்களா?"

"ஆபீஸ்ல இப்படித்தான். பழகிப்போச்சு."

"எம்புட்டு நேரம்?"

"பத்துல இருந்து ஆறு வரைக்கும்."

மணிக்கணக்கில் மடித்து, மேலே உடம்பையும் வைத்தால் எந்த முட்டியும் இறுகும் என்றார் பவதாரிணி. ஷட்டிலை விட்டதால் இருந்த அசைவும் போனது. காலை ஏன் மடிக்க வேண்டும் என்று கேட்டார். அதற்குக் காரணம் நாற்காலி. முன்னால் இருந்தவர் பதினாறு வருடம் உட்கார்ந்து நடுவில் பள்ளம் செய்துவிட்டுப் போயிருந்தார். காலை மடித்தால்தான் கீபோர்டு எட்டும். புது நாற்காலி கேட்டு மூன்று மனு போட்டும் பதில் இல்லை.

"ஒரு குஷன் போட்டா முடிஞ்சதே சார்?"

அந்த அலுவலகத்தில் குஷன் கொண்டுவருகிறவருக்கு மூலம் என்று அர்த்தம். முன்பு ஒருவர் கொண்டுவந்து, ஓய்வு பெறும்வரை அந்தப் பெயரோடுதான் இருந்தார். வழியனுப்பு விழாவிலும் அதைச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் தேதி பத்தொன்பது ஆகிவிட்டது. மறுநாள் குஷன் வாங்கினார்.

திங்கட்கிழமை அதைத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுபோனார். பதினோரு மணிக்குள் மூன்று பிரிவுக்கும் தெரிந்துவிட்டது. கண்காணிப்பாளர் பீமாராவ் மேசையருகே வந்து, குரலைத் தாழ்த்தி, பச்சை மிளகாயைக் குறைக்கச் சொன்னார். வெள்ளைத்துரை மறுக்கவில்லை.

"குறைச்சுக்கிறேன் சார். அடுத்த மாசம் விளையாடணும்."

இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று யோசித்தபடி பீமாராவ் போனார்.

கால் கீழே இறங்கியது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடந்தார். அதற்கும் ஒரு கேலி இருந்தது. வீட்டில் பவதாரிணி சொன்ன பயிற்சிகளைச் செய்தார். முப்பதாம் தேதி மாலை ஜெயபாண்டி, வெள்ளைத்துரை நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்தார். ஓரெட்டு மட்டும் கூனல் இருந்தது. ஜெயபாண்டி இருவர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 20 அன்று இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். முட்டி கடைசிவரை தாங்கியது. ஜெயபாண்டியின் சர்வீஸ்தான் தாங்கவில்லை. அதை வெள்ளைத்துரை இன்றும் மாடிப்படியில் நின்று என்னிடம் சொல்கிறார், நேராக இறங்கிக்கொண்டே.

மூன்று மனுக்களுக்கும் சேர்த்து ஒரே கடிதமாகப் பதில் வந்தது. மூல நோயால் அவதியுறும் பணியாளர் என்பதைக் கருதி, கண்காணிப்பாளரின் பரிந்துரையின் பேரில், முன்னுரிமை அடிப்படையில் புதிய நாற்காலி வழங்கப்படுவதாக அதில் இருந்தது. கடிதம் வந்த நாள் 2024 டிசம்பர் 4, புதன்கிழமை.