ஏரியைப் பார்த்த நாற்காலி

கோடை விடுமுறைக்குத் தாம்பரத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையில் ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பத்து நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். அங்கிருந்த வாட்ச்மேனுக்கு நரைத்த மீசை, காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். எப்போதும் கேட்டுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்தே நாற்காலி போட்டிருப்பார். காற்று வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் தெருநாய் ஒன்று உள்ளே வந்து என் புதுச் செருப்பைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. எனக்கு எரிச்சல்.

“வீட்டுக்குத்தானே நீங்க வாட்ச்மேன்?” என்றேன்.

அதற்குள் கட்டடக் கழிவு ஏற்றிய லாரி ஒன்று, ஏரியில் கொட்டுவதற்காக ரிவர்ஸில் வந்தது. அவர் எழுந்து ஓடி, விடாமல் விசில் ஊதினார். லாரி திரும்பிப் போனது.

மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். “வூட்டுக்குப் பூட்டு கீது சார். ஏரிக்கு இன்னா கீது?”

செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை. வாட்ச்மேன் ஒழுங்காகக் காவல் பார்க்கிறாரா என்று வீட்டுக்காரர் போனில் விசாரித்தபோது அதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.