பார்க்காத அறைக்கு எழுதிய விலை

பருத்தி போடுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். ஆனாலும் போன வருடம்வரை எந்தப் பொருளுக்கும் நானாக ஒரு விலை சொன்னதில்லை. பெரம்பலூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எங்கள் பருத்தியைக் குவித்து வைத்திருப்போம். வியாபாரிகள் வருவார்கள். ஒரு பிடி எடுத்துப் பஞ்சை இழுத்துப் பார்ப்பார்கள். முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சீட்டில் விலையை எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்கள். இதற்கு மறைமுக ஏலம் என்று பெயர். பெட்டியைத் திறக்கும்போது எவர் அதிகம் எழுதியிருக்கிறாரோ அவருக்குச் சரக்கு. அதுவரை எங்கள் வீட்டுக்காரர் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திக்கொண்டு, போன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் நான் சென்னை ஓட்டல் அறைக்கு ஏலம் கேட்க ஆரம்பித்தேன்.

எங்கள் பள்ளியில் அறிவியல் எடுக்கிற டீச்சர்தான் அந்த இணையதளத்தைக் காட்டிக்கொடுத்தார். எந்த ஊர், ஊரில் எந்தப் பகுதி, எத்தனை நட்சத்திரம், எந்தத் தேதி என்று சொல்லிவிட்டு, நம்மால் தரமுடிந்த விலையை எழுத வேண்டும். காலியாகக் கிடக்கும் அறையைச் சும்மா பூட்டி வைப்பதற்குப் பதிலாக அந்த விலைக்குத் தர ஏதாவது ஓட்டல் ஒப்புக்கொண்டால் உடனே பணம் போய்விடும். அதற்குப் பிறகுதான் எந்த ஓட்டல் என்று பெயரைச் சொல்வார்கள். பிடிக்கவில்லை என்றாலும் பணம் திரும்பாது. யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் ஒருநாள் பொறுத்துத்தான் மறுபடி கேட்க முடியும்.

இதைக் கேட்டதும் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "பஞ்சை இழுத்துப் பாக்காம எவனாவது வெல எழுதுவானா? பேரே தெரியாத கடையில சரக்கு எடுக்கிறவ நீ ஒருத்திதான்" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னையப் பாக்க வந்தப்ப நீங்க பத்து நிமிசம்தான் பாத்தீங்க, வெலயெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

எனக்கு ஏன் அந்த அறை அவ்வளவு முக்கியமாகப் போனது என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் சென்னைக்கு எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஒருமுறைகூட நாத்தனார் வீட்டைத் தவிர வேறெங்கும் தங்கியதில்லை. வீட்டுக்காரரின் அக்கா சைதாப்பேட்டையில் ஒரு படுக்கையறை உள்ள பிளாட்டில் இருக்கிறார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் யாருக்குச் சென்னையில் வேலை இருந்தாலும், இன்டர்வியூ, ஆஸ்பத்திரி, கல்யாணம், விசா எதுவானாலும், ரயிலை விட்டு இறங்கினால் நேரே அந்தப் பிளாட்டுக்குத்தான். ஹாலில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் படுத்திருப்போம். விடிவதற்குள் குளியலறைக் கதவுக்கு வெளியே வரிசை தொடங்கிவிடும். ஐந்து மணிக்கு நாத்தனார் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிற சத்தம் கேட்டால், தம்பி பெண்டாட்டி நான் எப்படிப் புரண்டு படுப்பது? எழுந்துபோய்த் தேங்காய் துருவுவேன். அவர் ஒரு குறை வைக்கமாட்டார். அதனால் நாமும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு காலை. எட்டு மணிவரை தூங்கி, எவர் முகத்தையும் பார்த்து நடந்துகொள்ள வேண்டிய அவசியமில்லாமல் ஒரு காப்பி குடிக்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் இதற்குமேல் பெரிய ஆசை எனக்கு இல்லை. இதைவிடச் சின்ன ஆசையும் இல்லை.

ஆனால் எங்கள் பக்கத்தில் அது லேசுப்பட்ட காரியமல்ல. சொந்தக்காரர் வீடு இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்குவதும், உன் உறவே வேண்டாம் என்று ஊரைக் கூட்டிச் சொல்வதும் ஒன்று. திருமானூரில் இருக்கிற ஒரு மச்சினர் எப்போதோ ஒரு ராத்திரி எழும்பூரில் லாட்ஜ் எடுத்துவிட்டார். இன்றைக்கும் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சாம்பார் வருவதற்கு முன் அந்தப் பேச்சு வந்துவிடும். "அக்காவுக்குத் தெரிஞ்சுச்சுன்னா நான் செத்தேன்" என்றார் வீட்டுக்காரர். தெரியாமல் போய்விட்டு வந்துவிடலாம் என்று நான் சொன்னேன். திருச்சிக்குப் போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வதாக முடிவானது.

மே மாத விடுமுறையில் ஏலம் தொடங்கியது. வரைபடத்தில் கடற்கரையை ஒட்டி நீலத்தில் ஒரு பகுதியைக் காட்டினார்கள். அதைத் தேர்ந்தெடுத்து, மூன்று நட்சத்திரம், ஒரு ராத்திரி, ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதினேன். இல்லை என்று வந்தது. ஒருநாள் பொறுத்து இரண்டாயிரம் எழுதினேன். மறுபடியும் இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சமைக்கும்போதும் அதே நினைப்பு. எங்கோ ஒரு ஓட்டல்காரன் காலி அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், கேலி செய்துகொண்டிருந்தவர் மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "முழு ரூவாயா எழுதாத. நம்ம யாவாரி எவனும் முழு ரூவா எழுதமாட்டான். அடுத்தவனும் அதையேதான் எழுதியிருப்பான்னு அவனுக்குத் தெரியும். மேல ஒரு பதினேழு ரூவா போடு" என்றார். எதிரில் இன்னொரு வியாபாரி இருக்கிறாரா என்றே எங்களுக்குத் தெரியாது. இருந்தாலும் இரண்டாயிரத்து இருநூற்றுப் பதினேழு என்று எழுதினேன். திரையில் சக்கரம் சுற்றியது. பச்சை நிறத்தில் வாழ்த்துகள் என்று வந்ததும் அவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, "பாத்தியா, பதினேழு!" என்று கத்தினார். பருத்திக்கு நல்ல விலை போன அன்றுகூட அவர் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஓட்டலின் பெயரும் முகவரியும் வந்தன. இருவரும் வாசித்தோம். மறுபடி வாசித்தோம். நான் தேர்ந்தெடுத்த நீலப் பகுதியின் ஒரு ஓரம்தான் கடற்கரை. மறு ஓரம் சைதாப்பேட்டை. ஓட்டல் இருந்தது நாத்தனார் பிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

"இனிமே என்ன செய்யிறது?" என்றார். பணம் திரும்பாது என்றேன். எங்கள் குடும்பத்தில் மானத்துக்குப் பயம் உண்டு. ஆனால் கட்டிய பணத்தை விடுகிற பழக்கம் இல்லை.

புறப்படுகிற அன்று பார்த்தால், வாசலில் ஒரு மூட்டை சின்ன வெங்காயம். "இது யாருக்கு?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் முடிச்சைத் தடவிப் பார்த்தார். "மெட்ராசுக்கு எப்பக் கைய வீசிக்கிட்டுப் போயிருக்கோம்? கை தானா கட்டிப்புடுச்சு" என்றார். எவ்வளவோ சொல்லியும் மூட்டையை விட்டுவிட்டு வர அவருக்கு மனசில்லை. எங்கள் ஊர் பூலாம்பாடியில் பஸ் ஏறி, பெரம்பலூரில் மாறி, அரியலூரில் ரயிலைப் பிடித்து, மத்தியானம் அந்தப் பளபளக்கிற கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வெங்காய மூட்டையோடு நின்றோம். சீருடை போட்ட பணியாளர் கொஞ்சமும் அசராமல் மூட்டையைத் தங்க நிறத் தள்ளுவண்டியில் ஏற்றி, லிப்டில் எங்களோடு ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அறை என்றால் அறை! மடிப்புக் கலையாத வெள்ளை விரிப்பு, கால் புதைகிற கம்பளம், அழுத்தினால் தானாக மூடிக்கொள்கிற திரைச்சீலை. நான் மெத்தையில் குறுக்காகப் படுத்துப் பார்த்தேன், நெடுக்காகவும் படுத்துப் பார்த்தேன். வீட்டுக்காரர் மட்டும் ஏசி ஓடுகிற அறையில் வேர்வையோடு உட்கார்ந்திருந்தார். வெங்காய வாசனை அறை முழுக்கப் பரவிவிட்டது. ரெண்டு தெரு தள்ளி அக்கா இருக்க, அவருக்கென்றே கட்டிப் பழகிய கை கட்டிய மூட்டையை ஊருக்குத் திருப்பிக்கொண்டு போவதா என்று புலம்பினார். கடைசியில் ஓர் ஆட்டோவைப் பிடித்து மூட்டையை ஏற்றி, ஊர்க்காரர் ஒருவர் கொடுத்துவிட்டதாகச் சொல்லச் சொல்லி அனுப்பிவைத்தார். அப்பாடா என்று அவர் காலை நீட்டியபோது மணி மூன்று.

நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நாத்தனார்.

மூட்டையின் வாயைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். கயிற்றை இரட்டையாய் முறுக்கி, ஒரு முனையை மேலே தூக்கிவிட்டு முடிச்சுப் போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். எங்கே ஏற்றினாய் என்று ஆட்டோக்காரரைக் கேட்டார். அவர் உள்ளதைச் சொல்லிவிட்டார். கீழே வரவேற்பில் தம்பி பெயரைச் சொல்லி அறையைக் கேட்டுக்கொண்டு மேலே வந்துவிட்டார் நாத்தனார்.

"ஏன்டா, நான் செத்தா போயிட்டேன்?" என்று ஆரம்பித்தார். வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். என் வூட்டுல சோறு இல்லையா, பாய் இல்லையா, ஊருல நாலு பேரு கேட்டா நான் என்ன சொல்லுவேன் என்று வரிசையாக வந்து விழுந்தது. என்னுடைய ஒரு காலைத் தூக்கத்துக்காக அக்காவையும் தம்பியையும் பிரித்துவிட்டேன் என்று நிஜமாகவே பயந்துபோனேன். "அவங்க மேல தப்பில்ல அண்ணி, நான்தான் ஆசப்பட்டேன்" என்றேன்.

அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலைப் பார்த்தார். மெதுவாக அதன் ஓரத்தில் உட்கார்ந்து, விரிப்பை உள்ளங்கையால் ஒருமுறை தடவினார். குளியலறைக்குள் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆசப்பட்டவ என்னைய ஏன் கூப்புடல?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "உங்ககிட்ட சொல்லாம வந்தது தப்புதான் அண்ணி."

"சொல்றது இல்ல புள்ள. கூட்டிட்டு வர்றது. என்னைய ஏன் கூட்டிட்டு வரலன்னு கேக்குறேன்."

ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. இரண்டு பேருக்குத்தான் அறை. ஆகவே தம்பி அக்கா வீட்டுக்குப் போக வேண்டியது, அக்கா இங்கே தங்க வேண்டியது. தன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஊருலேருந்து ஆளு வந்திருக்காங்க, நான் கூட இருந்துதான் ஆவணும்" என்றார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கீழே வரவேற்பில் அடையாள அட்டையைக் காட்டும்போது பள்ளிக்கூடத்தில் பெயர் சேர்க்க வந்த பிள்ளைபோல நிமிர்ந்து நின்றார்.

சாயங்காலம் இருவரும் கடற்கரைக்குப் போனோம். மெரினாவுக்கு ஆயிரம் தடவை வந்திருப்பேன் என்றார். வருகிறவர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவது அவர்தானே. ஆனால் தண்ணீருக்குள் இறங்குகிறவர்களின் செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பதுதான் அவர் வேலை. ஒருதரம்கூட அவர் காலை நனைத்ததில்லை. நான் செருப்பை வாங்கிக்கொண்டேன். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு அலைக்கும் கூச்சல் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை. நடுவில் என் வீட்டுக்காரரிடமிருந்து அவருக்குப் போன். பிளாட்டில் திருமானூரிலிருந்து இரண்டு பேர் வந்து இறங்கியிருக்கிறார்கள், தொவரம்பருப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று கேட்டார். "தேடிப் பாருடா" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போனை அணைத்தே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது எனக்குத் தெரிந்தது. "பால் பாக்கெட்டு..." என்றார். பிறகு எங்கே இருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, தலைவரைக்கும் போர்வையை இழுத்துக்கொண்டு சிரித்தார். கட்டிலே குலுங்கியது. நானும் சிரித்தேன். அப்படியே இருவரும் தூங்கிப்போனோம். எழுந்தபோது மணி எட்டு இருபது. என் ஆசை இருபது நிமிடம் கூடுதலாகவே நிறைவேறியது.

காலைச் சாப்பாடு அறை வாடகையோடு சேர்த்தி. கீழே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். நாத்தனார் தன் தட்டில் இருந்த தோசையை நிதானமாக, சூட்டோடு சாப்பிட்டு முடித்தார். அவர் சூடாகச் சாப்பிட்டு நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பரிமாறுகிறவர் வந்து குனிந்து, "இன்னொன்னு கொண்டு வரட்டுங்களாம்மா?" என்று கேட்டார்.

நாத்தனார் என் பக்கம் திரும்பினார். என்னிடம் கேட்பதாக நினைத்துவிட்டார்.

"உங்களத்தான்மா கேக்குறேன்" என்றார் பரிமாறுகிறவர்.

நாத்தனாரின் கண் நிறைந்துவிட்டது. "எங்க வூட்டுல எல்லாரையும் நான் கேப்பேன். என்னைய யாரும் கேட்டதில்ல புள்ள" என்று சாதாரணமாகத்தான் சொன்னார். குற்றம் சொல்லுகிற குரலே இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் குளியலறை வரிசையைப் பற்றி முணுமுணுத்தவள் நான்.

"இருங்க தம்பி" என்று பரிமாறுகிறவரை நிறுத்திவிட்டு நானே எழுந்தேன். தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்று, முறுகலாக ஒன்று வார்க்கச் சொல்லி வாங்கிவந்து அவர் தட்டில் வைத்தேன். "அடுத்தது என்ன வேணும், சொல்லுங்க அண்ணி" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையாக அடுக்கியிருந்த பாத்திரங்களை ஒருமுறை நோட்டம் விட்டார்.

"பொங்கல் வெய்யி" என்றார். "நெய்யி நெறைய."