மயிலை விட்டு மூன்று நாள்

தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று அம்மையார்குப்பத்து வீட்டில் நைனா இருந்தார், அம்மா இருந்தாள், மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் இருந்தார்கள். நைனா வேலை செய்யும் பவர்லூம் முதலாளிகூட வந்து காபி குடித்துவிட்டுப் போனார். பெண்ணின் ஒரே அண்ணனான நான் மட்டும் அங்கே இல்லை. திருத்தணி வீடியோ கடையில் யார் கல்யாணத்துக்கோ கம்ப்யூட்டரில் மயிலை ஆட வைத்துக்கொண்டிருந்தேன்.

மலைமேல் முருகன் கோயிலில் தாலி கட்டுகிறவர்கள் முந்தின நாள் ரிசப்ஷனிலேயே, மேடையில் வைக்கும் டிவியில் அந்த மயிலைக் கேட்பார்கள். அது தோகை விரிக்க, நடுவில் பெண், மாப்பிள்ளை பெயர் தெரிய வேண்டும். பத்திரிகையைக் கடைசி நேரத்தில்தான் கொண்டுவந்து தருவார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சென்னையில் ஆறு மாதம் அனிமேஷன் கற்றவன். நொடிக்கு இருபத்தைந்து படம், ஒவ்வொன்றிலும் இறகைக் கையால் நகர்த்த வேண்டும். கடையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும். முகூர்த்தம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருவதால், நாலு வருஷமாகச் சொந்தத்தில் ஒரு கல்யாணமும் நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனபோது தங்கை கேட்டாள்.

"கல்யாணத்துக்காவது வருவியாண்ணா, இல்ல மயிலுக்குத் தோகை விரிச்சிகினு இருப்பியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. பொரி போட பெரியப்பா பையனைக் கூப்புட்டுக்கிறோம்."

ஓமத்தில் போடப் பெண்ணின் கையில் பொரி நிரப்புவது கூடப்பிறந்தவன் வேலை. அம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த மாதமே கடை முதலாளி அண்ணா புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய சாஃப்ட்வேர் அதில் ஏறவில்லை.

"வேற ஒண்ணு வாங்கிடலாம். அக்காவும் சேந்து கத்துக்கட்டும்" என்றார். அக்கா அவர் மனைவி, நகரி பக்கத்துத் தெலுங்குப் பெண், புருஷனைப் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

"அதெல்லாம் சினிமாக்காரங்களுக்குண்ணா. நமக்கு ஒத்துவராது" என்றேன். அந்தப் புது சாஃப்ட்வேரை நான் திறந்துகூடப் பார்த்ததில்லை. அக்காவும் கற்றுக்கொண்டால் அப்புறம் நான் எதற்கு என்ற பயம்தான்.

நான் சொன்னதைக் கேட்காமல் அண்ணா அதை வாங்கிவிட்டார். கற்றுக்கொள்ள அரக்கோணத்தில் பத்து நாள் வகுப்பு. அக்காவும் நானும் ரயிலில் போய் வந்தோம். என் விரல்கள் பழைய பட்டன்களையே அழுத்தின, திரையில் வேறு ஏதோ நடந்தது. அக்காவுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை. நான்காம் நாள் திரையில் மயில் படத்துக்குள் எலும்புபோல் கோடுகள் வைத்துக் கழுத்தைப் பிடித்து இழுத்தார், உடம்பு தானாகப் பின்னால் வந்தது. தோகை மூடியிருப்பதையும் விரிந்திருப்பதையும் மட்டும் காட்டினார். நடுவில் உள்ளதையெல்லாம் கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டது.

கடைக்கு வந்து அண்ணாவிடம் செய்து காட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்ளோதானா தம்பி? இதுக்கா நாலு வருஷமா எங்கள டபாய்ச்சிகினு இருந்த?"

"ஒவ்வொரு இறகா எண்ணிகினு இருந்தான், பாவம்" என்றார் அண்ணா.

அப்போது அக்கா, "உன் தங்கச்சி கல்யாணம் என்னிக்கு?" என்றார்.

"வர்ற முகூர்த்தம்தாங்க்கா. அன்னிக்கு நம்மகிட்ட மூணு ஆர்டர் இருக்குது."

"ஆங், தெரியும். நான் பாத்துக்கிறேன். நீ ரெண்டு நாள் முன்னாடியே கெளம்பு. பாவா, நீங்க சொல்லுங்க."

"நான் என்னாத்த சொல்றது? மெஷின் உன் கையில இருக்குது" என்றார் அண்ணா.

அந்த மூன்று நாளும் செல்போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். கடையிலிருந்து ஒரே ஒரு முறை கூப்பிட்டார்கள், பந்தி எத்தனை மணிக்கு என்று கேட்க. அப்புறம்தான் நான்கு வருஷமாகத் தோளில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல் இருந்தது. மணவறையில் தங்கையின் கையில் பொரி போட்டேன். "மெதுவாண்ணா, கீழ சிந்துது" என்றாள், தலை நிமிராமல். அம்மா பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினாள்.

மூன்று ஆர்டரையும் முடித்துவிட்டு அண்ணாவும் அக்காவும் மதியப் பந்திக்கு வந்துவிட்டார்கள். இலையில் ரசத்தை ஊற்றிவிட்டு, இந்தப் புது ஏற்பாட்டுக்கு மொத்தம் எவ்வளவு செலவு ஆச்சுண்ணா என்று கேட்டேன். அவர் சோற்றுக்கு அணை கட்டியபடியே சொன்னார்.

"சாஃப்ட்வேரு, வகுப்பு, ரயில் டிக்கெட்டு, உன் நாற்காலிய அக்கா புடிச்சிகினதால உனக்குத் தனியா ஒரு நாற்காலி. எல்லாம் சேத்து முப்பத்தொம்பதாயிரத்து அறுநூறு."